வெயிலில் வைத்துப் பார்த்தேன்

கீழக்கரையில் சிராஜ்தீன் கடை.
சென்ட் பாட்டிலுக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவே
ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய
தவளைக்கு அளவெடுத்த மாதிரி கண்ணாடிகள்.
"பனியில சறுக்குறவங்க போடுறது" என்றார்.
துபாயில் ஒரு கட்டடத்துக்குள்
பனி செய்து கொட்டி வைத்திருந்தார்களாம்.
ஒன்பது வருஷம் அங்கே
கண்ணாடி துடைத்து வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்.
"நீங்க சறுக்கிப் பாத்தீங்களா?"
"ச்சே, இடுப்பு போயிரும்."

எனக்கு வேண்டியது வாலிநோக்கத்துக்கு.
உப்புக்கு.
பங்குனி பிறந்தால் பாத்தியெல்லாம் வெள்ளை,
மேலே ஒரு சூரியன், கீழே இருநூறு.
பெரியாஸ்பத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரம்மா
மூக்கோரத்திலிருந்து கருவிழிக்குச்
சதை ஊர்ந்து வருகிறது என்றார்.
வெயிலைப் பார்க்காதே என்றார்.
நான் எங்கே வெயிலைப் பார்த்தேன்,
குனிந்த தலை நிமிராமல்
உப்பைத்தானே பார்க்கிறேன்.

கம்பெனி கொடுத்த கறுப்புக் கண்ணாடி
நாலாம் நாளே புகைந்தது.
பக்கவாட்டில் வெளிச்சம் களவாணி மாதிரி நுழையும்.
இரண்டு கையிலும் வாரு பலகை;
வேர்வை இறங்கினால்
துடைக்க மூன்றாவது கை கிடையாது.

வாளிக்குள் கையை விட்டேன்.

முதலில் வந்தது ரசம் பூசியது.
போட்டுக்கொண்டு நிமிர்ந்தால்
சிராஜ்தீன் என் கண்ணில் பார்த்துத் தலை சீவுகிறார்.
உள்ளே எனக்கோ அமாவாசை.
கழற்றினேன்.

சுருக்குப் பையிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்துக்
கடைப் படியில் வெயிலில் பரப்பினேன்.
"சமைக்கவா போறே?" என்றார்.
மச்சான், கடலுக்குப் போகிறவன்
வலையை உதறிப் பார்க்காமலா வாங்குவான்?

அடுத்தது விலை கூடியது.
தண்ணீரின் மினுக்கத்தை வெட்டிவிடுமாம்.
எதிர்க்கடை மீன்பெட்டியில் ஐஸ் உருகி நின்ற தண்ணீர்
சட்டென்று அடிவரை தெளிந்தது.
நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் மினுக்கம் செத்துப்போனால்
எந்தப் பாத்தியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது,
எதில் உப்பு பிடித்துவிட்டது என்று
எனக்கு யார் சொல்வது?
வைத்துவிட்டேன், மனசில்லாமல்.

மஞ்சள், மேகம் மூடிய நாளுக்கு.
நமக்கு மேகம் வந்தால் வேலையே கிடையாது.

தேத்தண்ணி நிறத்தில் ஒன்று, ஓரத்தில் கீறலோடு.
அதில்தான் படியில் கிடந்த உப்பு
ஒவ்வொரு கல்லாகப் பிரிந்தது,
கல்லுக்குக் கல் ஒரு குட்டி நிழலோடு.
"கறுப்பா இருந்தா மட்டும் கண்ணு தப்பாது,
இந்த எழுத்து இருக்கணும்" என்று
சட்டத்தின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார்.
மேலே காற்றுப் போகச் சின்னத் துளைகள்.
வாயால் ஊதினேன், மூடி, உடனே விலகியது.
தலைத்துண்டுக்கு மேலேயே வார் ஏறியது.
மூக்குத்திதான் இடித்தது.
பனி ஊரில் மூக்குத்தி போட்டவள்
ஒருத்திகூடச் சறுக்கியதில்லை போல.
கழற்றி முந்தானையில் முடிந்தேன்.
அறுநூறு, நானூற்று இருபதுக்கு நின்றது.

மறுநாள் அளத்தில்
"ஏ, பைலட்டம்மா வருதுடி!" என்று
முதலில் கத்தியவள் சந்தனமாரி.
பதினோரு மணிக்கு அவளே வந்தாள்.
"ஒரு நடைக்கு மட்டும் குடு."
ஒரு நடை மூன்றானது.
மூன்றாம் நடையில் அம்பாரத்து உச்சியில் ஏறி நின்று
கூடையைக் கவிழ்க்க மறந்து
சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"என்னடி தெரியுது?"
"உப்பு" என்றாள். "உப்புதான்."
நான் இமையை இடுக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

ராத்திரி கழுவும்போது
வாரின் கொக்கியில் ஒரு முடி.
இழுக்க இழுக்க வந்தது, சோளக்கதிர் நிறம்.
விழுந்தவளோ, விழாமல் வந்தவளோ.
அதோடு பின்னிக் கிடந்தது இன்னொன்று,
கறுப்பு, விளக்கெண்ணெய் வாசம்.
இரண்டையும் பிரிக்கப் பார்த்தேன், வரவில்லை,
அப்படியே உதறிவிட்டேன்.

சனிக்கிழமை சம்பளம்.
கீழக்கரைக்கு இரண்டு டிக்கெட்.